ஏரி கடந்த சண்டைகள்

டொராண்டோவில் ஓர் அமெச்சூர் கிக்பாக்ஸர் பட்டப் போட்டிக்குத் தயாராகிறார் என்றால் பார்ப்பவர் கண்ணுக்கு அது முழுக்க உடம்பைப் பற்றிய விஷயமாகத்தான் படும். விடியற்காலை ஓட்டம்; வேலை முடிந்து வந்ததும் பயிற்சியாளர் பிடிக்கும் பேடில் குத்தும் உதையும்; வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஸ்பாரிங்; கடைசி வாரத்தில் உப்பைக் குறைத்து, தண்ணீரைக் குறைத்து, 71 கிலோ பிரிவென்றால் அந்த 71-க்குள் உடம்பை அடக்குவது. இத்தனையும் இரண்டிரண்டு நிமிடமாக மூன்று ரவுண்டுக்கு, ஆக மொத்தம் ஆறு நிமிடத்துக்கு. அந்த ஆறு நிமிடம் விளையாட்டில் சேருமா, குற்றத்தில் சேருமா என்பதற்கும் அவருடைய உதையின் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு இருவர் மோதுவது குற்றம் என்கிறது கனடாவின் குற்றவியல் சட்டத்தின் 83-ஆம் பிரிவு. சொல்லிவிட்டுச் சில விலக்குகளை அடுக்குகிறது. அந்த விலக்குகளில் ஒன்றுக்குள் போட்டி அடங்கினால் அவர் விளையாட்டு வீரர். அடங்காவிட்டால் இடுப்பில் கட்டும் பெல்ட் வெறும் தோலும் தகரமும்தான். டொராண்டோவின் சண்டை விளையாட்டு வரலாற்றை வீரர்களின் வரிசையாகச் சொல்வது வழக்கம். அதை அனுமதிகளின் வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும் என்பது என் கட்சி. தடை இங்கே சண்டையை நிறுத்தியதில்லை, தண்ணீருக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டது. நாளடைவில் அதற்கான விலையை அதிகம் கொடுத்தவர் காசு வாங்காமல் களமிறங்கும் அமெச்சூர்.

முதலில் தண்ணீரைக் கடந்து வந்தவர்கள் அமெரிக்கர்கள். 1858 அக்டோபர் 20 அன்று ஜான் மாரிஸியும் ஜான் ஹீனனும் அமெரிக்கப் பட்டத்துக்காக வெறுங்கையால் மோதிக்கொண்ட இடம் அமெரிக்காவில் இல்லை. ஈரி ஏரியின் வடகரையில், இன்றைய ஒன்டாரியோவைச் சேர்ந்த லாங் பாயின்ட் என்ற மணல்திட்டு அது. நியூயார்க் மாநிலத்தில் பரிசுச் சண்டைக்குத் தடை இருந்ததால் வீரர்களும் பந்தயக்காரர்களும் நீராவிப் படகேறி வந்துவிட்டார்கள். ஆள் நடமாட்டமில்லாத கரை, போலீஸ் வந்து சேருமுன் பதினோரு ரவுண்டில் ஆட்டம் முடிந்தது, வென்ற மாரிஸி பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார். எல்லை தாண்டி வந்து சண்டை போட்டுவிட்டுப் போகும் இந்தப் பழக்கம் தொடர்ந்த நிலையில்தான் கனடிய நாடாளுமன்றம் 1881-இல் பரிசுச் சண்டைக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. 1892-இல் நாட்டின் முதல் குற்றவியல் தொகுப்பு வந்தபோது அது அதற்குள் போய் அமர்ந்தது. யார் யாரைக் குற்றவாளி என்கிறது என்று பார்த்தால் அந்தச் சட்டத்தின் மனநிலை பிடிபடும். மோதுகிறவர்கள், ஏற்பாடு செய்கிறவர்கள் சரி. கூடவே களத்தின் மூலையில் நிற்கும் துணையாள், நடுவர், பணம் கட்டியவர், செய்தி எழுத வந்த நிருபர், காயத்துக்குக் கட்டுப்போட வந்த அறுவை மருத்துவர் என்று எல்லோரையும் அது வளைத்துப் பிடிக்கிறது. மருத்துவரும் சாட்சியும் வரத் துணியாவிட்டால் சண்டையே நடக்காது என்பது சட்டம் எழுதியவர்களின் கணக்கு. அவர்கள் இல்லாமலே நடக்கும் என்பது அந்தக் கணக்கில் விடுபட்டுப்போனது.

இந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது, அதன் கீழ் எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இப்படிப்பட்ட சட்டம் வேலை செய்யும் இடம் நீதிமன்றம் அன்று. மண்டபத்துக்காரர் வாடகைக்குத் தரத் தயங்குவார், காப்பீட்டு நிறுவனம் கையெழுத்துப் போடாது, மருத்துவர் தன் உரிமத்தை நினைத்துப் பார்ப்பார். குற்றம் என்ற சொல் ஏட்டில் இருந்தாலே இவை எல்லாம் தாமாக நடக்கும். அதனால்தான் குத்துச்சண்டைக்காரர்கள் விலக்கு கேட்டார்கள், படிப்படியாகப் பெற்றும் விட்டார்கள். மாகாணத்தின் விளையாட்டு ஆணையம் மேற்பார்க்கும் போட்டிகளுக்கு ஒரு விலக்கு. 140 கிராமுக்குக் குறையாத கையுறை அணிந்து அமெச்சூர்கள் மோதும் குத்துச்சண்டைக்கு இன்னொன்று. இந்த 140 கிராமை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அது சிறிய அளவுதான், இன்றைய அமெச்சூர் கிக்பாக்ஸிங் கையுறையின் பத்து அவுன்ஸில் பாதி. ஆனாலும் எதிராளியின் முகத்தில் படப்போகும் பொருளைப் பற்றிப் பேசிய விலக்கு அது. பின்னால் வந்த விலக்குகளுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

ஆணையமும் கையுறையும் தந்த அந்த நிழலில்தான் இரு உலகப் போர்களுக்கு இடையே டொராண்டோவில் குடியேறிய குடும்பங்களிலிருந்து அமெச்சூர்கள் வந்தார்கள். ஸாமி லுஃப்ட்ஸ்ப்ரிங் அவர்களில் ஒருவர், யூதர். 1933 ஆகஸ்டில் கிறிஸ்டி பிட்ஸ் பூங்காவில் நாஜிச் சின்னம் காட்டப்பட்டுப் பெரும் கலவரம் வெடித்த ஊர் அது. மூன்றாண்டு கழித்து, பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வாய்ப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, அவரும் நண்பர் நார்மன் யாக்கும் போகமாட்டோம் என்று ‘குளோப்’ நாளேட்டில் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதற்கு மாற்றாகப் பார்சிலோனாவில் ஏற்பாடாகியிருந்த மக்கள் ஒலிம்பிக்குக்குக் கப்பலேறினார்கள். போய்ச் சேருமுன் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டு விழாவே நின்றுபோனது. லுஃப்ட்ஸ்ப்ரிங் பிறகு தொழில்முறைக்கு மாறி 1938-இல் கனடாவின் வெல்டர்வெயிட் பட்டத்தை வென்றார், 1940-இல் களத்தில் பட்ட காயத்தால் ஒரு கண்ணை இழந்தார். அவரை இங்கே கொண்டுவருவதற்குக் காரணம் வீரம் மட்டும் இல்லை. ஒலிம்பிக் முத்திரை ஒரு போட்டியின் தகுதிக்குச் சான்றாகிவிடாது என்பதை இந்த ஊரின் அமெச்சூர் ஒருவர் 1936-லேயே செய்து காட்டினார். 2013-இல் இந்த நாட்டின் சட்டம் அதே முத்திரையைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

பட்டம் என்பதே அனுமதி தருகிறவர் கையில் இருக்கிறது என்பதற்கு டொராண்டோவின் புகழ்பெற்ற சண்டையே சாட்சி. 1966-இல் முகமது அலி வியட்நாம் போரைப் பற்றிச் சொன்ன சொல் அமெரிக்காவைக் கொதிக்கவைத்தது. சிகாகோவில் எர்னி டெரலுடன் நடக்கவிருந்த போட்டியை இலினாய் மாநிலம் தடுத்தது, ஊர் ஊராக அலைந்து கடைசியில் அது டொராண்டோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்குக்கு வந்தது. இந்தச் சண்டைக்கு அரங்கைத் தருவதா என்று கொதித்து, அதைக் கட்டியெழுப்பிய கான் ஸ்மைத் அதன் இயக்குநர் குழுவிலிருந்தே விலகினார். டெரல் ஒதுங்கிக்கொள்ள, உள்ளூர்க்காரர் ஜார்ஜ் ஷுவாலோ சில வார அவகாசத்தில் ஒப்புக்கொண்டார். மார்ச் 29 அன்று பதினைந்து ரவுண்டும் நின்று அடி வாங்கினார், அடி கொடுத்தார், புள்ளிக் கணக்கில் தோற்றார். உலக குத்துச்சண்டைச் சங்கம் அலியின் பட்டத்தை ஏற்கெனவே பறித்துவிட்டிருந்ததால் அது உலகப் பட்டப் போட்டி என்று விளம்பரப்படுத்தப்படவில்லை, ஹெவிவெயிட் மோதல் என்றுதான் விளம்பரம் போனது. அலியைவிடப் பெரிய சாம்பியன் அன்று உலகத்தில் யார் இருந்தார்கள்? (அதே அலி 1980-இல் சென்னை நேரு மைதானத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டபோது எந்தச் சங்கம் என்ன பட்டம் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.) அலிக்கே இந்த நிலை என்றால், நாலைந்து சங்கங்கள் தனித்தனியே பெல்ட் வழங்கும் கிக்பாக்ஸிங்கில் ஓர் அமெச்சூரின் பட்டம் எதன் மேல் நிற்கும்?

உதை இந்த ஊருக்கு வேறு வழியாக வந்தது. போர்க்காலத்தில் கனடா முகாம்களில் அடைத்துவைத்த ஜப்பானியக் கனடியர்களில் ஒருவரான மசாமி சுருவோகா, போருக்குப் பின் ஜப்பானில் கராத்தே கற்றுத் திரும்பி, 1958-இல் டொராண்டோவில் பயிற்சிக்கூடம் திறந்தார். கனடியக் கராத்தேயின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். கராத்தே போட்டிகளில் அடி உடம்பைத் தொடுமுன் நின்றுவிட வேண்டும். அந்தக் கட்டுப்பாடு பிடிக்காதவர்கள் 1974-இல் லாஸ் ஏஞ்சலஸில் முழுத் தொடு கராத்தேக்கு உலகப் போட்டி நடத்தினார்கள். அதிலிருந்துதான் வட அமெரிக்கக் கிக்பாக்ஸிங் கிளைத்தது. குத்துச்சண்டைக் கையுறை போட்டதும் வீரர்கள் காலையே மறந்துவிட்டதால், ஒரு ரவுண்டுக்கு இடுப்புக்கு மேலே எட்டு உதையாவது விழ வேண்டும் என்று விதி எழுதவேண்டி வந்தது. அமைப்பாளர்கள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டாவாவில் பயின்ற ஜான்-ஈவ் தெரியோ 1980-இல் அந்த வகையில் உலகப் பட்டம் வென்றதும் ஒன்டாரியோவில் இதற்கென ஒரு தலைமுறையே உருவானது. பெர்லினில் 1976-இல் தொடங்கிய வாகோ என்ற சங்கம் அமெச்சூர் பக்கத்தைக் கட்டியமைத்தது: எடைப் பிரிவுகள், தலைக்கவசம், முழங்கால் கீழ்க்காப்பு, இரண்டு நிமிட ரவுண்டு. இத்தனை வளர்ச்சியின்போதும் கனடியச் சட்டத்தில் பரிசுச் சண்டைக்கு எழுதியிருந்த விளக்கம் முஷ்டியையும் கையையும் மட்டுமே சொன்னது. கால் அதில் இல்லை. கிக்பாக்ஸிங் அப்படி அனுமதியும் இல்லாமல் தடையும் இல்லாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளியில் வாழ்ந்தது.

அந்த இடைவெளியை உடைத்தது பணம். கலப்புச் சண்டையான எம்.எம்.ஏ.-வை ஒன்டாரியோ பல காலம் அனுமதிக்கவில்லை, அதனால் அது பழங்குடி மக்களின் தன்னாட்சி நிலங்களில் நடந்துவந்தது. 2010 ஆகஸ்டில் மாகாண அரசு மனம் மாறியது. அதே மாதம் நயாகராவில் கூடிய கனடிய மருத்துவச் சங்கம் எம்.எம்.ஏ.-வைத் தடைசெய்யக் கோரித் தீர்மானம் போட்டது. அரசு அதற்குக் காது கொடுக்கவில்லை. 2011 ஏப்ரல் 30 அன்று டொராண்டோவின் ரோஜர்ஸ் சென்டரில் நடந்த, மாகாணத்தின் முதல் யு.எஃப்.சி. எம்.எம்.ஏ. நிகழ்ச்சிக்கு 55,724 பேர் வந்தார்கள், வாயில் வசூல் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. அரசு இதனால் கண்ட வருமானத்தை நான் குறை சொல்லவில்லை. வரிசை தலைகீழாக இருந்ததைத்தான் சொல்கிறேன். கோடி டாலர் புரளும் தொழில்முறைச் சண்டைக்குக் கதவு திறந்தது. அந்தத் தொழிலுக்கு வர வேண்டியவன் பழகிக்கொள்ளும் அமெச்சூர் எம்.எம்.ஏ. வாசலுக்கு வெளியிலேயே நின்றது. முன்னதில் மருத்துவர், ஸ்கேன், கட்டாய ஓய்வு நாட்கள் எல்லாம் உண்டு. பின்னதில் இருப்பவனுக்கோ அனுபவமும் குறைவு, பாதுகாப்பும் குறைவு.

2013 ஏப்ரலில், ஒன்டாரியோவின் ஹாமில்டனில் வாழ்ந்த 35 வயது அமெச்சூர் ஒருவர் செயின்ட் கிளேர் ஆற்றைக் கடந்து மிச்சிகனின் போர்ட் ஹியூரானுக்குப் போனார். அன்று அங்கே அமெச்சூர் எம்.எம்.ஏ.-வுக்கு அரசு மேற்பார்வை இருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் கூண்டை நிறுத்தி ஆட்களை இறக்க முடிந்தது. சண்டை முடிந்து சரிந்து விழுந்தவர் பிழைக்கவில்லை. 1858-இல் தடைக்குப் பயந்து இக்கரைக்கு வந்தார்கள், 155 ஆண்டு கழித்துத் தடையினால் அக்கரைக்குப் போனார்கள். போக வேண்டாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள், அது அவருடைய விருப்பம்தானே என்று வாதிக்கலாம். விருப்பம்தான். ஆனால் விருப்பமுள்ளவன் எங்கே போய் மோதுவான் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாகாணம் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தது. அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர், அதன் விளைவு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்தது என்று சொல்லித் தப்பிவிட முடியாது.

அப்போது புதிய சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் இருந்தது; 2013 ஜூன் 19 அன்று ஒப்புதலும் பெற்றது. முஷ்டி, கை என்றிருந்த இடத்தில் காலும் சேர்ந்தது. கிக்பாக்ஸிங் இப்போது ஐயத்துக்கிடமின்றிப் பிரிவுக்குள் வந்துவிட்டது. விலக்குகளும் மாறின: அமெச்சூர் போட்டி என்றால் அந்த விளையாட்டு ஒலிம்பிக் அல்லது பாராலிம்பிக் பட்டியலில் இருக்க வேண்டும், இல்லையேல் மாகாணம் அதைத் தனியே அறிவிக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட போட்டிக்கு அனுமதி தர வேண்டும். கையுறையின் எடை காணாமல் போனது. விளைவைப் பாருங்கள். தலையில் உதைத்தால் கூடுதல் புள்ளி தரும் டேக்வாண்டோ 2000 முதல் ஒலிம்பிக்கில் இருப்பதால் தானாகவே விலக்குப் பெற்றது. அதே உதையைக் கையுறையும் தலைக்கவசமும் காப்பும் போட்டுக்கொண்டு அடிக்கும் அமெச்சூர் கிக்பாக்ஸர் மாகாணத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 2013-இல் மல்யுத்தத்தை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப் பிப்ரவரியில் பரிந்துரைத்து, செப்டம்பரில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கராத்தே டோக்கியோவில் நுழைந்து பாரிஸில் வெளியேறியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு குழு, தொலைக்காட்சி உரிமையையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் பார்த்து எடுக்கும் முடிவு, டொராண்டோவில் ஒரு மண்டபத்தில் நடக்கும் ஆறு நிமிடம் குற்றமா இல்லையா என்பதைத் தொடுகிறது. இதற்கும் மூளைக்காயத்துக்கும் என்ன தொடர்பு என்று தேடினால் எதுவும் அகப்படாது.

இதற்குக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அனுமதியோ தடையோ, தலையில் அடிப்பது தலையில் அடிப்பதுதான். அனுமதி அதற்குக் கௌரவம் சேர்த்து இன்னும் பலரை இழுத்துவரும். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. டொராண்டோவில் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்த ஜோசப் வால்டெலினி 2014 ஜூனில் கலிஃபோர்னியாவில் குளோரி அமைப்பின் வெல்டர்வெயிட் கிக்பாக்ஸிங் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டே மூளை அதிர்ச்சியின் பின்விளைவுகளால் தோற்காமலே அதைத் துறந்தார். 2017-இல் எட்மன்டனில் ஒரு முன்னாள் யு.எஃப்.சி. வீரர் முறைப்படி உரிமம் பெற்ற குத்துச்சண்டையில் அடிபட்டு இறந்தார். அதற்கு முன்பே அவர் பலமுறை நாக்-அவுட் ஆனவர். ஆணையம் இருந்தும் உயிர் போனது உண்மை. ஆனால் அந்த மரணத்துக்குப் பின் விசாரணை நடந்தது, உரிமம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்க ஓர் ஆள் இருந்தார், பதிவேடு இருந்தது. மேற்பார்வை இல்லாத இடத்தில் நடக்கும் மரணத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலி எதுவும் கிடையாது. வால்டெலினி விலகியதும் இதையே காட்டுகிறது: மருத்துவரின் சொல் பட்டத்தை வெல்ல முடிகிற ஓர் ஏற்பாடு இருந்தால்தான் ஒருவர் விலகக்கூட முடியும். அமெச்சூருக்கு அந்த ஏற்பாடு இன்னும் அதிகம் தேவை, ஏனென்றால் அவர் வாங்கும் அடியில் பெரும்பகுதி பட்டப் போட்டியின் ஆறு நிமிடத்தில் விழுவதில்லை. யாரும் எண்ணாத ஸ்பாரிங் ரவுண்டுகளில் விழுகிறது.

கனடிய உச்ச நீதிமன்றமும் இந்தக் கோட்டை வேறொரு இடத்திலிருந்து வரைந்திருக்கிறது. ஒன்டாரியோவின் ஸட்பரி பக்கத்து மதுக்கடை வாசலில் ஒத்துக்கொண்டு மோதிய இருவரில் ஒருவர் இறந்த ஜோபிடன் வழக்கில், 1991-இல், கடுமையாகக் காயப்படுத்தும் எண்ணத்தோடு மோதினால் சம்மதம் என்ற வாதம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பு, விதிகளுக்கு உட்பட்டு நடக்கும், சமூகப் பயனுள்ள முரட்டு விளையாட்டுகளை இதில் சேர்க்கவில்லை. விதியும் பயனும் அளவுகோல் என்கிறது நீதிமன்றம், பட்டியல் அளவுகோல் என்கிறது சட்டப்பிரிவு. இரண்டில் முதலாவதுதான் நேர்மையானது. ஜல்லிக்கட்டை 2014-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தடுத்து, 2017-இல் தமிழகச் சட்டம் திரும்பக் கொண்டுவந்து, 2023-இல் அதே நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும். அங்கேயும் கடைசியில் பேச்சு களத்தின் அளவு, கால்நடை மருத்துவர், வாடிவாசல் விதிகள் என்றுதான் வந்து நின்றது. வெளியூர்ப் பட்டியல் ஒன்றில் ஜல்லிக்கட்டு இருக்கிறதா என்று யாரும் தேடவில்லை.

மாகாணம் அறிவித்தால் போதுமே, சட்டம் அந்தக் கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறது என்பது மிச்சமிருக்கும் வாதம். திறந்து வைத்திருக்கிறது, உண்மை. ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் அந்தக் கதவு வேறு வேறு அகலத்தில் திறந்தது. ஒரே விதியில், ஒரே கையுறையில் நடக்கும் போட்டி ஓர் ஊரில் விளையாட்டாகவும் அடுத்த மாகாணத்தில் கேள்விக்குறியாகவும் இருந்தால், நாட்டுப் பட்டம் என்ற சொல்லுக்கு எடை எங்கிருந்து வரும்? வாகோ அமைப்புக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2018-இல் தற்காலிக அங்கீகாரமும் 2021-இல் முழு அங்கீகாரமும் கொடுத்தது. பலர் இதோடு சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினார்கள். தீரவில்லை; அங்கீகாரம் வேறு, போட்டிப் பட்டியலில் இடம் வேறு, கனடியச் சட்டம் கேட்பது இரண்டாவதை. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கூடுதலாகச் சேர்க்கப் பரிசீலித்த ஒன்பது விளையாட்டுகளில் கிக்பாக்ஸிங்கும் இருந்தது. 2023 அக்டோபரில் கிரிக்கெட், லாக்ராஸ், ஸ்குவாஷ், பேஸ்பால், கொடி ஃபுட்பால் ஐந்தும் தேர்வாயின, கிக்பாக்ஸிங் விடுபட்டது. ஆகவே டொராண்டோவில் அடுத்த பட்டப் போட்டிக்கு எடை குறைத்துக்கொண்டிருக்கும் அமெச்சூருக்கு விலக்கு கிடைப்பது இன்னமும் குவீன்ஸ் பார்க்கில் உள்ள மாகாண அரசின் கையில்தான். அங்கே கேட்க வேண்டியது அந்த 140 கிராம் காலத்துக் கேள்வியையே: கையில் என்ன அணிந்திருக்கிறார், பக்கத்தில் மருத்துவர் யார், கடைசியாக எப்போது நாக்-அவுட் ஆனார், ஸ்பாரிங்கில் வாங்கிய அடிக்குக் கணக்கு வைத்திருப்பவர் யார்.